டிரைவின் துல்லியம்: ஃபேர்வே சதவீதம் சொல்லாமல் விடுவது

ரவுண்டு முடிந்ததும் ஸ்கோர்கார்டின் ஓரத்தில் "14-க்கு 8", அதாவது 14 டிரைவில் 8 ஃபேர்வேயில் நின்றன என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் கோல்ஃப் ஆடுகிற பலருக்கும் உண்டு. அந்த எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது, அதற்குப் பதிலாக வேறு எதை அளக்கலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். கொஞ்சம் கணக்கு வரும். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஃபேர்வே சதவீதம் என்று எதைக் கணக்கிடுகிறார்கள்?

பார் 4, பார் 5 ஹோல்களில் (நான்கு, ஐந்து அடியில் முடிக்க வேண்டியவை) டீயிலிருந்து, அதாவது தொடக்க இடத்திலிருந்து, அடித்த முதல் பந்து (இதுதான் டிரைவ்) ஃபேர்வேயில், அதாவது நடுவே மிகக் குட்டையாக வெட்டிய புல் பாதையில், நின்றதா இல்லையா, அவ்வளவுதான். பார் 3 சேராது. பெரும்பாலான மைதானங்களில் 18 ஹோலில் நான்கு பார் 3 இருப்பதால் ரவுண்டுக்கு 14 வாய்ப்பு. எந்தக் கிளப்பால் (மட்டையால்) அடித்தீர்கள் என்பதை யாரும் கேட்பதில்லை; மிக நீண்ட தூரம் போகும் டிரைவர் எடுத்தாலும் குறைந்த தூரத்துக்கான 5 அயர்ன் எடுத்தாலும் ஒரே கணக்குதான். பந்து எங்கே விழுந்தது என்பதும் பொருட்டில்லை, எங்கே போய் நின்றது என்பதுதான். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் இதன் சராசரி 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

பல காலமாக இருக்கிற கணக்குதானே. அதில் என்ன குறை?

பெரிய குறை, அதற்கு "ஆம்", "இல்லை" என்ற இரண்டு பதில்தான் தெரியும். ஃபேர்வே ஓரத்திலிருந்து ஒரு யார்டு தள்ளி, குட்டைப் புல்லில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் பந்தும் "இல்லை". வேலியைத் தாண்டி ஓ.பி. (மைதான எல்லைக்கு வெளியே) போன பந்தும் "இல்லை". ஸ்கோரில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு அடி வித்தியாசம் உண்டு. சதவீதத்தில் ஒன்றுமே இல்லை.

அப்புறம், ஃபேர்வேக்கள் எல்லாம் ஒரே அகலம் இல்லை. யு.எஸ். ஓப்பனுக்காகச் சுருக்கப்பட்ட ஃபேர்வேயில் 50 சதவீதம் பிடிப்பதும், அகஸ்டா போன்ற விசாலமான மைதானத்தில் 50 சதவீதம் பிடிப்பதும் ஒரே திறமை அல்ல. வளைந்து போகும் ஹோலில் நினைத்த கோட்டிலேயே நேராக அடித்த பந்து, பத்து யார்டு கூடுதலாக ஓடி எதிர்ப்பக்க ரஃப்பில் (ஃபேர்வேக்கு வெளியே உள்ள உயரமான புல்லில்) நின்றாலும் தவறு என்றே பதிவாகும். அது திசைப் பிழையே இல்லை, தூரப் பிழை.

இன்னொன்றும் உண்டு. இந்த எண்ணை வேண்டுமென்றே ஏற்றிவிடலாம். எல்லா ஹோலிலும் அயர்னை எடுத்து 180 யார்டு தட்டிவிட்டால் சதவீதம் பளபளக்கும். ஸ்கோர் பளபளக்காது.

சரி, ஃபேர்வேயைத் தவறவிட்டால் உண்மையில் எவ்வளவு நஷ்டம்?

எங்கே போய் நின்றது என்பதைப் பொறுத்தது. இதை எண்ணாகச் சொல்லும் முறைக்கு ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் என்று பெயர். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கியது. டூரில் ஷாட்லிங்க் என்ற லேசர் அளவீட்டு ஏற்பாடு ஒவ்வொரு அடியையும் பதிவுசெய்து வைத்திருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. 2011-ல் புட்டிங்குக்கு (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையான கிரீனில் பந்தை உருட்டுவதற்கு) மட்டும் பி.ஜி.ஏ. டூர் இதை வெளியிடத் தொடங்கியது. டீ அடிக்கான கணக்கு 2016-ல் வந்தது.

யோசனை எளிமையானது. ஒவ்வொரு இடத்திலிருந்தும் பந்தைக் குழிக்குள் போட ஒரு டூர் வீரருக்குச் சராசரியாக எத்தனை அடி தேவை என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அடிப்பதற்கு முன் எத்தனை தேவைப்பட்டது, அடித்தபின் எத்தனை தேவைப்படுகிறது என்று பார்த்து, வித்தியாசத்திலிருந்து அடித்த அந்த ஒன்றைக் கழித்தால் அந்த அடியின் மதிப்பு கிடைத்துவிடும்.

440 யார்டு ஹோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டீயில் நிற்கும் டூர் வீரருக்குத் தேவை சுமார் 4.08. அவர் 280 யார்டு அடிக்கிறார், மீதி 160 யார்டு.

பந்து ஃபேர்வேயில் இருந்தால் மீதித் தேவை சுமார் 2.98. ஆக 4.08 − 2.98 − 1 = +0.10. கொஞ்சம் லாபம்.

அதே தூரத்தில் ரஃப்பில் இருந்தால் சுமார் 3.23. கணக்கு −0.15 ஆகிறது.

மரங்களுக்கிடையே மாட்டிக்கொண்டு, வெளியே தட்டிவிடுவதைத் தவிர வழியில்லை என்றால் சுமார் 3.81. இப்போது −0.73.

ஓ.பி. போனால் கணக்கே வேண்டாம். ஓர் அடி வீண், ஓர் அடி தண்டனை, மறுபடியும் அதே டீ. நஷ்டம் சரியாக −2.

ஃபேர்வேயோடு ஒப்பிட்டால் ரஃப்பின் நஷ்டம் கால் அடி. மரத்தின் நஷ்டம் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஓ.பி.யின் நஷ்டம் எட்டு மடங்குக்கு மேல். இந்த நான்கையும் "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்று இரண்டு பெட்டிக்குள் திணிப்பதுதான் பழைய கணக்கு. டிரைவின் துல்லியத்தை அளப்பதென்றால் எத்தனை தவறியது என்று எண்ணுவதைவிட, தவறியது எவ்வளவு தூரம் தவறியது, எங்கே தவறியது என்று பார்க்க வேண்டும்.

10 ஃபேர்வே பிடித்தவர் 6 பிடித்தவரைவிட மோசமாக ஆடியிருக்க முடியுமா?

தாராளமாக. மேலே உள்ள எண்களை வைத்தே பார்க்கலாம். இருவரும் ஒரே தூரம் அடிப்பவர்கள், 14 ஹோலும் அந்த 440 யார்டு ஹோல் மாதிரியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாமவர் 10 ஃபேர்வே, 2 ரஃப், 1 மரம், 1 ஓ.பி. கூட்டினால் +1.00, −0.30, −0.73, −2.00. மொத்தம் −2.03.

இரண்டாமவர் 6 ஃபேர்வே, 8 ரஃப். வேறு வம்பு இல்லை. +0.60, −1.20. மொத்தம் −0.60.

71 சதவீதம் பிடித்தவர் 43 சதவீதம் பிடித்தவரிடம் ஏறக்குறைய ஒன்றரை அடி பின்தங்கிவிட்டார். டிரைவ் மட்டும் வைத்துப் பார்த்தே இது. ஆனால் கிளப்ஹவுஸில் "இன்றைக்கு டிரைவர் நன்றாகப் போயிற்று" என்று சொல்லப்போவது முதலாமவர்தான்.

அப்படியென்றால் துல்லியமே தேவையில்லை, தூரம் அடித்தால் போதும் என்கிறீர்களா?

இல்லை. அந்த முடிவுக்கு அவசரமாகப் போகிறவர்கள் எப்போதும் 2020 யு.எஸ். ஓப்பனைக் காட்டுவார்கள். விங்டு ஃபுட் மைதானத்தில், நீளமாக அடிப்பதற்குப் பேர்போன பிரைசன் டிஷாம்போ நான்கு நாளில் 56-க்கு 23 ஃபேர்வேதான் பிடித்தார். ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். மொத்தத்தில் பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவர்தான். மூன்றாம் நாள் மேத்யூ வுல்ஃப் 14-க்கு 2 ஃபேர்வே பிடித்து 65 அடித்தார்.

கவனிக்க வேண்டியது, அந்த வாரம் ஃபேர்வேக்கள் அவ்வளவு குறுகல். எல்லோருமே தவறவிட்டார்கள். எல்லோரும் ரஃப்பிலிருந்து அடிக்கும்போது, கிரீனுக்கு நெருக்கமாக நின்று சிறிய கிளப்பால் அடிப்பவருக்கு அனுகூலம். டிஷாம்போ எங்கே வேண்டுமானாலும் அடித்துவிட்டு வென்றார் என்பது அல்ல விஷயம். அவர் தவறவிட்ட பந்துகள் விளையாடக்கூடிய இடங்களில் இருந்தன. ஃபேர்வே சதவீதத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது, அதனால் அந்த வெற்றி அதிசயம் போலத் தோன்றுகிறது.

மறுபக்கத்தில் கால்வின் பீட் இருக்கிறார். 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் ஃபேர்வே சதவீதத்தில் டூரின் முதலிடம். சிறு வயதில் இடது முழங்கை உடைந்து, அந்தக் கையை முழுக்க நீட்ட முடியாதவர். பி.ஜி.ஏ. டூரில் 12 வெற்றிகள். நேராக அடிப்பதை மட்டும் நம்பி இந்த விளையாட்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று இல்லை.

நீளமாக அடிப்பவருக்கு ஃபேர்வே சதவீதம் குறைவாக வருவது ஏன்?

வடிவியல்தான் காரணம். கிளப் முகம் ஒரு பாகை திரும்பியிருந்தால் அந்தப் பிழை தூரத்தோடு சேர்ந்து விரிகிறது. 1 பாகை விலகல் 250 யார்டில் சுமார் 4.4 யார்டு, 300 யார்டில் 5.2 யார்டு.

ஒரே அளவு திசைக்கட்டுப்பாடு உள்ள மூவரை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் பந்தின் சிதறல், அதாவது திட்ட விலக்கம், 3.5 பாகை. ஃபேர்வே 30 யார்டு அகலம். நடுவில் குறிவைத்து அடிக்கிறார்கள், சிதறல் வழக்கமான மணி வடிவத்தில் இருக்கிறது. 230 யார்டு அடிப்பவர் சுமார் 71 சதவீதம் பிடிப்பார். 280 அடிப்பவர் 62. 300 அடிப்பவர் 59.

திறமை மூவருக்கும் ஒன்றுதான். பட்டியலில் மட்டும் ஒருவர் துல்லியசாலி, இன்னொருவர் தாறுமாறாக அடிப்பவர். இதனால்தான் துல்லியத்தை யார்டில் அளப்பதைவிடப் பாகையில் அளப்பது நியாயம்.

பாகையை எப்படிக் கணக்கிடுவது?

குறியிலிருந்து பக்கவாட்டில் எத்தனை யார்டு விலகியது என்று பாருங்கள். அதை 57.3-ஆல் பெருக்கி, அடித்த தூரத்தால் வகுங்கள். 250 யார்டு போன பந்து 20 யார்டு விலகியிருந்தால் 20 × 57.3 ÷ 250 = சுமார் 4.6 பாகை. கோல்ஃபில் வரும் சிறிய கோணங்களுக்கு இந்தக் குறுக்குவழி போதும்.

வலது பக்கம் போனதைக் கூட்டல் குறியோடும், இடது பக்கம் போனதைக் கழித்தல் குறியோடும் எழுதுங்கள். குறியில்லாமல் எழுதினால் பாதித் தகவல் போய்விடும். ஏன் என்று சற்றுக் கீழே வருகிறது.

விலகலை எங்கிருந்து அளப்பது? ஃபேர்வே நடுவிலிருந்தா?

நீங்கள் குறிவைத்த இடத்திலிருந்து. இது சாதாரண ஆட்டக்காரருக்கு டூர் புள்ளிவிவரக்காரர்களைவிட இருக்கும் ஒரு வசதி. லேசர் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், வீரர் மனதில் எதைக் குறிவைத்தார் என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்கு உங்கள் குறி தெரியும்.

ஒரே நிபந்தனை, அடிப்பதற்கு முன்பே குறியை முடிவுசெய்துவிட வேண்டும். தூரத்தில் ஒரு மரம், பங்கரின் (மணல் குழியின்) இடது விளிம்பு, ஏதாவது ஒன்று. பந்து போன பிறகு "அங்கேதான் அடிக்க நினைத்தேன்" என்று குறியை நகர்த்துவது எல்லோருக்கும் கைவந்த கலை.

சராசரி விலகல், சிதறல் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒருவர் சுமார் 230 யார்டு அடிக்கிறார். அவருடைய பத்து டிரைவ்கள் குறியிலிருந்து விலகியவை யார்டில்: +36, +10, +44, −12, +28, +18, +54, +22, −6, +26. குறி ஃபேர்வேயின் நடு, அகலம் 30 யார்டு. பக்கத்துக்கு 15 யார்டுதான் இடம். +10, −12, −6 மூன்றும் உள்ளே. மீதி ஏழும் வெளியே. 30 சதவீதம். "எனக்கு டிரைவரே சரிப்படாது" என்று பையில் போட்டுவிடத் தோன்றும்.

இப்போது கூட்டல், கழித்தல் குறிகளோடு கூட்டிப் பாருங்கள். மொத்தம் +220, சராசரி +22. அதாவது இவருடைய பந்து வழக்கமாகவே 22 யார்டு வலப்பக்கம் போகிறது. அதே பத்து அடியை, 22 யார்டு இடப்பக்கம் குறிவைத்து அடித்திருந்தால் பந்துகள் நின்றிருக்கும் இடம்: +14, −12, +22, −34, +6, −4, +32, 0, −28, +4. ஆறு உள்ளே. 30 சதவீதம் 60 ஆகிவிட்டது, ஸ்விங்கில் ஒரு மயிரிழை மாற்றம் இல்லாமல். அதைவிட முக்கியம், மிக மோசமான அடி 54 யார்டு விலகலிலிருந்து 34-க்கு வந்துவிட்டது. மரமோ ஓ.பி.யோ காத்திருப்பது வழக்கமாக அந்த 54-ல்தான்.

ஆக, சராசரி என்பது பந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்கிறது. அதைக் குறியை மாற்றியே சரிசெய்யலாம். சிதறல் என்பது அந்தச் சராசரியைச் சுற்றிப் பந்துகள் எவ்வளவு பரவுகின்றன என்பது. இவருக்கு சுமார் 21 யார்டு, பாகையில் 5-க்குச் சற்று மேல். அதைக் குறைக்கப் பயிற்சி வேண்டும், காலம் வேண்டும். முதலாவதை இன்றைக்கே செய்யலாம் என்றிருக்கும்போது பலர் நேராக இரண்டாவதோடு மல்லுக்கட்டுவது எனக்குப் புரிவதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஸ்லைஸ் (வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கம் வளைவது) அடிப்பவர் இடப்பக்கம் திரும்பி நின்றால் ஸ்விங் பாதையும் இன்னும் இடப்பக்கம் போய், ஸ்லைஸ் கூடிவிடக்கூடும். குறியை மாற்றிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். சராசரி நகர்ந்திருக்க வேண்டும், சிதறல் கூடியிருக்கக் கூடாது.

இருபக்கமும் தவறுகிறது. என்ன செய்வது?

சராசரி கிட்டத்தட்ட பூஜ்யம், சிதறல் பெரிது என்றால் அதுதான் நிலைமை. குறியை நகர்த்திப் பயனில்லை. இங்கே பந்து எந்தத் திசையில் கிளம்பியது, கிளம்பிய பின் எவ்வளவு வளைந்தது என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

டிரைவரில் பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பந்தைத் தொடும் நொடியில் கிளப் முகம் பார்க்கும் திசை. வளைவைத் தீர்மானிப்பது முகத்துக்கும் ஸ்விங் பாதைக்கும் உள்ள வித்தியாசம். இதோடு, பந்து முகத்தின் எந்த இடத்தில் பட்டது என்பதும் சேரும். முகத்தின் நுனிப்பக்கம் பட்டால் வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கமும், குதிகால்பக்கம் (தண்டை ஒட்டிய பக்கம்) பட்டால் வலப்பக்கமும் சுழற்சி கூடும். முகத்தில் கொஞ்சம் பவுடர் ஸ்பிரே அடித்துவிட்டுப் பத்துப் பந்து அடித்தால் தெரிந்துவிடும். ஹூக்கும் (இடப்பக்க வளைவு) ஸ்லைஸும் மாறி மாறி வருகிறவர்களில் சிலருக்குச் சிக்கல் ஸ்விங்கிலேயே இருக்காது. பந்து முகம் முழுக்கச் சிதறிப் படுவதுதான் காரணமாக இருக்கும்.

லாஞ்ச் மானிட்டர் (அடித்த பந்தின் போக்கை அளக்கும் கருவி) காட்டும் எண்களை நம்பலாமா?

அது அளப்பதை நம்பலாம். கிளம்பும் திசை, சுழற்சி அச்சு, பக்கவாட்டு விலகல் எல்லாம் அதில் கிடைக்கும். சிதறலைக் கணக்கிட அதைவிட வசதியான வழி இல்லை. ஆனால் பயிற்சித் திடலில் ஒரே குறியை நோக்கி வரிசையாக இருபது டிரைவர் அடிப்பது வேறு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புது ஹோலில், இடப்பக்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று அடிப்பது வேறு. திடலில் சிதறல் சிறிதாகவே வரும். மைதானத்தில் எங்கே குறிவைப்பது என்று முடிவெடுக்க மைதானத்து எண்ணைப் பயன்படுத்துங்கள்.

திடலில் அடிக்கும்போது இன்னொரு தில்லுமுல்லும் நடக்கும். மோசமான அடி விழுந்ததும் "இது சேராது" என்று அழித்துவிடுவது. நாம் அளக்க வந்ததே அந்த அடியைத்தான்.

எத்தனை டிரைவ் சேர்த்தால் எண்ணை நம்பலாம்?

ஒரு ரவுண்டின் ஃபேர்வே எண்ணிக்கையை அநேகமாக நம்பவே முடியாது. உண்மையிலேயே 60 சதவீதம் பிடிக்கக்கூடியவருக்கு 14-க்கு 8.4 சராசரி. வெறும் தற்செயலாலேயே அது இரண்டு பக்கமும் 1.8 வரை சாதாரணமாக ஆடும். சில நாள் 5, சில நாள் 12 வருவதில் ஆச்சரியம் இல்லை. போன வாரம் 7, இந்த வாரம் 10 என்பதை வைத்து புது டிரைவரைப் பாராட்டுவது அவசரம்.

நூறு டிரைவ் சேர்ந்த பிறகும் அந்தச் சதவீதத்தில் ஐந்து புள்ளி அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும். பாகையில் அளப்பதன் ஆதாயம் இங்கேதான் தெரியும். ஒவ்வோர் அடியும் "ஆம்", "இல்லை" என்பதற்கு மேல் எவ்வளவு என்றும் சொல்வதால், 40 டிரைவ் இருந்தாலே சிதறலை சுமார் பத்தில் ஒரு பங்கு பிழையோடு சொல்லிவிடலாம். மூன்று ரவுண்டு போதும்.

ஓ.பி., தண்ணீர் போன்றவை அபூர்வமாக வருபவை, அவற்றுக்கு இன்னும் நிறைய ரவுண்டு தேவை. அவற்றை எண்ணிக்கையாகவே வைத்துக்கொள்ளுங்கள், சதவீதம் போடாதீர்கள்.

டிரைவரை வைத்துவிட்டு 3 வுட் (டிரைவரைவிடச் சற்றுக் குறைந்த தூரம் போகும் கிளப்) எடுத்தால் பாதுகாப்புதானே?

எல்லோரும் நம்புகிற அளவுக்கு இல்லை. அந்த 440 யார்டு ஹோலிலேயே பார்ப்போம். டிரைவரில் 300, 3 வுட்டில் 280, இரண்டிலும் சிதறல் 3.5 பாகை. ஃபேர்வே பிடிப்பது 59-லிருந்து 62 சதவீதம் ஆகும். மூன்று புள்ளி லாபம். ஆனால் ஒவ்வொரு பந்தும் 20 யார்டு பின்னால் நிற்கிறது. கூட்டிக் கழித்தால், ரஃப் மட்டுமே இருக்கும் ஹோலில் டிரைவருக்கே அடிக்கு 0.06, 0.07 அளவில் அனுகூலம்.

ஓ.பி. இருந்தால்? ஃபேர்வே நடுவிலிருந்து வலப்பக்கம் 35 யார்டில் வேலி, இடப்பக்கம் ரஃப் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் குறிவைத்தால் டிரைவர் சுமார் 2.8 சதவீதம் வேலி தாண்டும், 3 வுட் சுமார் 2 சதவீதம். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை.

இப்போது டிரைவரையே வைத்துக்கொண்டு குறியை மட்டும் 10 யார்டு இடப்பக்கம் நகர்த்துங்கள். ஓ.பி. 0.7 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஃபேர்வே பிடிப்பது 59-லிருந்து 52-க்கு இறங்கும். நஷ்டத்தையும் லாபத்தையும் கூட்டினால் ஸ்கோர் மேம்படுகிறது. அதாவது சரியான முடிவு எடுத்தவரின் ஃபேர்வே சதவீதம் ஏழு புள்ளி குறைந்திருக்கிறது! பழைய எண்ணை மட்டும் பார்ப்பவர் இவருக்குத் தவறான அறிவுரை சொல்லப்போகிறார்.

சிலருக்கு 3 வுட்டின் சிதறல் பாகையிலேயே டிரைவரைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும். அவர்களுக்குக் கணக்கு மாறும். அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டூர் வெளியிடும் வேறு புள்ளிவிவரங்களில் உருப்படியானது எது?

டோட்டல் டிரைவிங் என்று ஒன்று உண்டு. தூரத்தில் உங்கள் தரவரிசை, ஃபேர்வே சதவீதத்தில் உங்கள் தரவரிசை, இரண்டையும் கூட்டிவிடுவார்கள். தரவரிசைகளைக் கூட்டுவது கணக்காகாது. பத்தாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் நடுவே ஒரு யார்டு இருக்கலாம், பத்து யார்டும் இருக்கலாம். இதை ஒதுக்கிவிடலாம்.

குட் டிரைவ் சதவீதம் பரவாயில்லை. ஃபேர்வே பிடித்தாலும் சரி, தவறவிட்டு உரிய அடிகளுக்குள் கிரீனையோ அதன் விளிம்பையோ எட்டினாலும் சரி, நல்ல டிரைவ் என்று எண்ணும். நோக்கம் சரி, ஆனால் இரண்டாவது அடியின் திறமையும் உள்ளே புகுந்துவிடுகிறது.

ஃபேர்வே ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்ற அளவும் வெளியாகிறது. தவறிய பந்துகளின் சராசரி விலகல் அது. தலைப்புச் செய்தியில் வராத எண், ஆனால் ஃபேர்வே சதவீதத்தோடு சேர்த்துப் படித்தால் ஒருவர் எப்படித் தவறவிடுகிறார் என்பது தெரியும். என் தேர்வு முதலில் டீ அடிக்கான ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட், அடுத்து இது.

அந்த அட்டவணை டூர் வீரர்களுடையது. எனக்குப் பொருந்துமா?

எண்கள் அப்படியே பொருந்தாது. டூர் வீரர் 160 யார்டு ரஃப்பிலிருந்தும் பல நேரம் கிரீனில் போட்டுவிடுவார்; பலரால் முடியாது. பல கண்காணிப்புச் செயலிகள் உங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்) உள்ளவர்களோடு ஒப்பிட்டுக் காட்டும், அதைப் பயன்படுத்தலாம். வரிசை மாறாது: ஃபேர்வே, ரஃப், மாட்டிக்கொண்ட இடம், தண்டனை. தண்டனை எல்லோருக்கும் ஒரே மாதிரி என்பதையும் மறக்க வேண்டாம். ஓ.பி. யாருக்கும் சலுகை தருவதில்லை. 2019 முதல் மைதானங்கள் விரும்பினால் உள்ளூர் விதியாக இரண்டு அடி தண்டனையோடு பந்து போன இடத்தருகே போட்டு ஆட அனுமதிக்கலாம். நேரம் மிச்சமாகும், அடி பெரிதாக மிச்சமாகாது.

காற்று, சரிவு இவற்றை எப்படிக் கழிப்பது?

பெரும்பாலும் கழிக்க வேண்டாம். குறுக்குக் காற்று பலமாக இருந்தால் ஓரத்தில் ஒரு குறி போட்டுவைத்து, சிதறல் கணக்கிடும்போது அந்த ஹோலை விட்டுவிடுங்கள். சரிவில் உருண்டு போனால் பந்து விழுந்த இடத்தை, தெரிந்த வரையில், எழுதுங்கள்.

செயலியோ கருவியோ இல்லை. ஸ்கோர்கார்டில் எதை எழுதினால் போதும்?

ஒவ்வொரு பார் 4, பார் 5 ஹோலுக்கும் மூன்று விஷயம். குறியிலிருந்து எந்தப் பக்கம், சுமார் எத்தனை யார்டு. எந்தக் கிளப். அடுத்த அடியை கிரீனை நோக்கித் தடையில்லாமல் அடிக்க முடிந்ததா: முடிந்தால் "ச", மாட்டிக்கொண்டால் "மா", தண்டனை என்றால் "த". "+25 டி மா" என்று ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். பந்துக்கு நடந்து போகும்போது குறிக்கோட்டிலிருந்து காலடியால் அளந்தால் யார்டு கிடைத்துவிடும். ஐந்து யார்டு முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை, கைப்பேசி ஜி.பி.எஸ். காட்டும் இடமும் சில யார்டு தள்ளித்தான் இருக்கும்.

மூன்று ரவுண்டு முடிந்ததும் டிரைவர் அடிகளை மட்டும் தனியாகப் பிரித்து, சராசரியைப் பாருங்கள். ஐந்து யார்டுக்கு மேல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் குறியை அந்த அளவு மாற்றுங்கள். பிறகு "மா", "த" எத்தனை என்று எண்ணுங்கள். ரவுண்டுக்கு இரண்டுக்கு மேல் வந்தால் ஸ்கோரைக் குறைக்க அதைவிட நல்ல இடம் அநேகமாக வேறு இல்லை. ஒன்றுகூட வரவில்லை, ஆனால் ஃபேர்வே 40 சதவீதம்தான் என்றால் டிரைவரை விட்டுவிட்டு அயர்ன் பயிற்சிக்குப் போகலாம்.

பார் 3 டீ அடிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

வேண்டாம். அங்கே நீங்கள் அடிப்பது கிரீனுக்கு. தூரப் பிழையும் திசைப் பிழை அளவுக்கு முக்கியமாகிவிடும். அதற்குத் தனித் தாள் போடுங்கள்.